கை நனைத்துவிட்டுத் தேர்ந்தெடுத்த பொடி

நம் ஆன்லைன் கடையில் பொருள் தேர்வுக்குப் புதிதாக வந்திருக்கும் நான்கு பேருக்கும், அந்த வேலையை விட்டு வீட்டுக்குப் போய்விட்ட ஜெயராணி எழுதுவது. எதை விற்கலாம், எதை விற்க வேண்டாம் என்று சொல்லும் வேலையைப் பல வருடம் பார்த்தேன். அதில் கற்றதைப் புதியவர்களுக்கு எழுதிக் கொடுங்கள் என்று கடையை நடத்தும் தம்பி கேட்டார். ஒரு வாரமாக நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு முழிக்கிறேன். கற்றது என்று ஒன்றை எழுதப் போனால், அதற்கு நேர்மாறாக நடந்த இன்னொன்று உடனே ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது.

பூட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். திண்டுக்கல்லிலிருந்து ஒரு கடை நடத்திக்கொண்டு பூட்டு விற்காமல் இருப்பதா என்று எல்லோரும் கேட்டார்கள். நானும் கேட்டேன். அலைந்து திரிந்து நல்ல பூட்டாகப் பார்த்துப் போட்டோம். இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்தவர்கள் ஏராளம், வாங்கியவர்கள் சொற்பம். அதே மாதம் இடம் காலியாகக் கிடக்கிறதே என்று தென்னை ஈர்க்குமாறு ஒன்றைப் போட்டு வைத்தோம். அது பறந்தது. பெங்களூரில் நாலாவது மாடியில் குடியிருப்பவர்கள் ஈர்க்குமாற்றை வாங்கி எந்த வாசலைப் பெருக்குகிறார்கள் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. மீட்டிங்கில் காரணம் கேட்டபோது நான் ஒன்று சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த நிமிடம் வாயில் வந்த காரணம் அது.

ஆகவே எது விற்கும் என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்தது ஒரு முருங்கைக்கீரைப் பொடியின் கதை மட்டும்தான். அதுவும் முழுதாகத் தெரியுமா என்பது சந்தேகம். இருந்தாலும் அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் உங்களை ஏமாற்றியதாகிவிடும்.

முதலில் ஒரு விதியைச் சொல்கிறேன். இதை எனக்குச் சொன்னவர் என்னைவிட வயதில் இளையவர், எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த பெண். நான் இருபது வருடம் பாத்திரக் கடையில் விற்பனைக்கு நின்றுவிட்டு இங்கே வந்தவள். எனக்குத் தெரியாத வியாபாரமா என்ற மிதப்பு நிறைய இருந்தது. அவள் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"அக்கா, பொருள் பாக்கப் போற வீட்ல கை மட்டும் நனைச்சிராதீங்க. காப்பி குடிங்க, மோர் குடிங்க. இலை போட்டா எந்திரிச்சிருங்க."

நம் பக்கத்தில் பெண் பார்க்கப் போகிறவர்களுக்கு உள்ள முறைதான் அது. சம்பந்தம் முடிவாகும்வரை காப்பி, பலகாரத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். சோற்றில் கை வைத்தால் சரி என்று சொன்னதாக அர்த்தம். பொடிக்கும் அப்பளத்துக்கும் எதற்கு இந்தச் சடங்கு என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனாலும் மூன்று வருடம் அந்த விதியை மீறவில்லை. என் ஊர் சுற்றலைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் கேலி செய்வார், "உன்னய மாதிரி பட்டினி கெடந்து சம்பாதிக்கிற ஆளு நம்ம பேகம்பூர்ல வேற யாரும் இல்ல" என்று.

தாடிக்கொம்பு தாண்டி உள்ளே ஒரு ஊரில் சரோஜா என்ற பெண் முருங்கைக்கீரைப் பொடி செய்வதாகத் தகவல் வந்தது. நாற்பது வயதிருக்கும். நூல் மில்லில் வேலை. புருஷன் முருகேசன் கொஞ்ச நிலத்தில் முருங்கையும் தென்னையும் வைத்திருந்தார். பொடியை ஒரு கை பார்த்துவிடலாம் என்று மில்லில் ஒரு மாதம் லீவு போட்டிருந்தாள். திங்கட்கிழமை திரும்பி வர வேண்டும், வரவில்லை என்றால் வேறு ஆள் எடுத்துக்கொள்வோம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். நான் போனது வியாழக்கிழமை. நம் கடைதான் அவளுடைய ஒரே நம்பிக்கை என்பதைப் போனிலேயே சொல்லிவிட்டாள். அப்படிச் சொல்கிறவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

அந்தப் பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. அடுத்த பஸ் வர ஒரு மணி நேரம் ஆனது. காலையில் சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு இரண்டே இட்லியோடு கிளம்பியிருந்தேன். சரோஜாவின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கை நடுங்கியது. உடம்பெல்லாம் வேர்த்தது. அவள் பேசியது எங்கோ தூரத்தில் கேட்டது. அவள் ஓடிப்போய்ச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்த கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அதை நினைத்து நான் எத்தனையோ முறை குழம்பியிருக்கிறேன். உடம்பு தேறிவிட்டது, பிஸ்கட் கேட்டிருந்தால்கூடக் கொடுத்திருப்பாள். ஆனால் உள்ளே சோறு வடித்த வாசனை. "ரெண்டு வாய் சாப்டுங்கக்கா, இம்புட்டு தூரம் வந்துட்டு மயங்கி விழுந்தா நாங்க என்ன செய்ய," என்று சொல்லிக்கொண்டே தட்டை வைத்துவிட்டாள். சூடான சோறு, அதன் மேல் பொடி, நல்லெண்ணெய், வெஞ்சனத்துக்கு வாழைக்காய் வறுவல். பொடியின் நிறத்தைக்கூடக் கவனிக்காமல் நான் பிசைந்தேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு பொடியை என் ஆயுசில் தின்றதில்லை. மூன்று முறை சோறு வாங்கினேன். கை கழுவ எழுந்தபோது கதவருகில் நின்ற முருகேசன் சொன்னார், "அக்கா கை நனைச்சாச்சு. பெறகென்ன."

எனக்குத் திக்கென்றது. பொடியைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். சரோஜா சிரித்த முகத்தோடு, முன்பே சீல் போட்டு வைத்திருந்த இரண்டு மாதிரிப் பாக்கெட்டுகளை என் பையில் வைத்தாள். நான் சொன்னது அவள் காதில் ஏறவில்லை என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் இன்னொரு முறை அழுத்திச் சொல்லவில்லை. வயிறு நிறைந்திருக்கும்போது அந்த மாதிரிப் பேச்சு வாயில் வருவதில்லை.

நம் கடையில் ஒரு வகைக்கு ஒரு பொருள்தான் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் வெளியூரிலிருந்து இன்னொரு முருங்கைக்கீரைப் பொடியும் வந்திருந்தது. பளபளப்பான பாக்கெட், பரிசோதனைச் சான்றிதழ் எல்லாம் பக்காவாக இருந்தன. அவர்களுக்குச் சனிக்கிழமை மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் கீழே இருக்கும் மெஸ்ஸில் சோறு வாங்கி, இரண்டு பொடியையும் தனித்தனிக் கிண்ணங்களில் பிசைந்து, அடியில் நம்பர் ஒட்டி வைத்தோம். எது யாருடையது என்று ஒட்டிய பெண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அவள் ஓட்டுப் போடக் கூடாது. அவளை விட்டால் என்னோடு சேர்த்து ஏழு பேர். ஏழு பேரும் ஒரே கிண்ணத்தைத் தொட்டோம். திருப்பிப் பார்த்தால் அது வெளியூர்ப் பொடி.

மற்றவர்கள் தொட்டதில் எனக்கு வருத்தமில்லை. நான் எப்படி அதைத் தொட்டேன்? சரோஜாவின் கிண்ணத்தில் ஒரு வாய் எடுத்து, "இதுவா, சப்பென்று இருக்கிறதே" என்று தள்ளி வைத்தது நான்தான். முந்தின நாள் அமிர்தம், மறுநாள் மண். பசியில் தின்றதால் அப்படித் தெரிந்ததா? அவள் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்த நன்றியில் நாக்கு மயங்கிவிட்டதா? இருபது வருடம் பாத்திரத்தைத் தட்டிப் பார்த்தே கனம் சொன்னவள் நான். என் நாக்கு என்னையே ஏமாற்றும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"போன்ல சொல்லிருங்கக்கா," என்றார் தம்பி. அவர் சொன்னது சரிதான். ஆனால் சாப்பிட்ட வீட்டுக்குப் போனில் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சனிக்கிழமை காலை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மறுபடி பஸ் ஏறினேன்.

போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டு நேரம். சரோஜா தட்டைத் துடைத்து வைத்தாள். நான் வேண்டாம் என்றேன். கொஞ்சமாவது என்றாள். காப்பி மட்டும் போதும் என்றேன். அவள் கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"இல்லன்னு சொல்ல வந்திருக்கீங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நேத்தே மில்லுக்குப் போயி வரமாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேங்க்கா. இந்நேரம் வேற ஆளுக்குச் சொல்லியிருப்பாக."

"நான் பாத்துட்டுச் சொல்றேன்னுதானம்மா சொன்னேன்."

"வாயால அப்படித்தான் சொன்னீங்க," என்றாள். குரலில் கோபம் இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது, அவள் அழவில்லை.

அடுப்படியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முருகேசனுக்குப் போட்டு வைத்திருந்த சோற்றின் மேல் பொடி இருந்தது. கரும்பச்சையாக, கொரகொரப்பாக, பூண்டுத் தோலெல்லாம் தெரிய. என் பையில் இருந்த மாதிரிப் பாக்கெட் வெளிர் பச்சை, மைதா மாதிரி மழமழவென்று இருக்கும். ஒரு நிமிடம் எனக்குப் புரியவில்லை.

"சரோஜா, இது என்ன பொடி?"

"நம்ம பொடிதாங்க்கா."

"எனக்குப் பாக்கெட்ல குடுத்தது?"

"அது விக்கிறதுக்குச் செஞ்சது. மிஷின்ல நைசா அரைச்சு ரெண்டு தடவ சலிச்சேன். பட்டணத்துக்காரவுகளுக்குப் பூண்டு வாடை ஆகாதும்பாகல்ல, அதான் பூண்டு போடல. இது வீட்டுக்கு ஒரல்ல இடிச்சது. இதப் போயி எப்படி ஆபீசுக்குக் குடுக்க?"

வருகிறவர்களுக்கு மாதிரியை மட்டும் நன்றாகச் செய்து காட்டிவிட்டு, பிறகு மட்டமாக அனுப்புகிற ஆட்களை எனக்குத் தெரியும். அவர்களைப் பிடிக்கத்தான் இத்தனை வருடம் பழகியிருந்தேன். மரியாதைக்காக மாதிரியைக் கெடுத்து வைத்திருக்கும் ஒருத்தியை அன்றுதான் பார்த்தேன். வியாழக்கிழமை என் நாக்கு பொய் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமையும் சொல்லவில்லை. அந்த நிம்மதியில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுப் பொடியை ஒரு சில்வர் டப்பாவில் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திண்டுக்கல் வந்தேன்.

தம்பி வெளியூர்க்காரர்களுக்குப் பதில் அனுப்பப் போகும் நேரம். இன்னொரு முறை கிண்ணம் வையுங்கள் என்று கெஞ்சினேன். "அக்கா, நீங்க அங்க சாப்டீங்களா?" என்று கேட்டார். இன்றைக்குச் சாப்பிடவில்லை என்றேன். பொய் இல்லை. அவர் சிரித்துவிட்டு மெஸ்ஸுக்கு ஆள் அனுப்பினார்.

ஆறு பேர் முதலில் தொட்டார்கள். மூன்று பேர் ஒன்றை, மூன்று பேர் மற்றொன்றை. ஏழாவது ஓட்டு என்னுடையது. எல்லோரும் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இதை நான் இத்தனை வருடம் யாரிடமும் சொல்லவில்லை, தம்பியிடமும் சொல்லவில்லை. சோற்றோடு பிசைந்தபின் இரண்டும் ஒரே பச்சைதான், ஆனால் இடது பக்கக் கிண்ணத்தில் ஒரு பூண்டுத் தோல் தெரிந்தது. எது யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நியாயப்படி, எனக்குத் தெரிந்துவிட்டது, என் ஓட்டு செல்லாது என்று சொல்லியிருக்க வேண்டும். அல்லது தெரிந்தாலும் நடுநிலையாகத் தின்று பார்த்திருக்க வேண்டும். நான் ஒரு வாய் வைத்தேன். மில் வாசலில் நின்று வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு வரும் சரோஜாதான் மனதில் ஓடினாள். ருசி என்ன என்று என்னால் கவனிக்கவே முடியவில்லை. இடது கிண்ணத்தைத் தொட்டேன்.

அன்று மாலையே சரோஜாவுக்குப் போன் செய்தேன். அவள் பொடியைத்தான் எடுத்திருக்கிறோம் என்றேன், முருகேசன் பின்னால் நின்று என்னாச்சு என்னாச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தார். சந்தோஷத்தோடு நான் ஒரு கண்டிப்பையும் சேர்த்துக்கொண்டேன். "நீ பாட்டுக்குப் பட்டணத்துக்காரங்களுக்குன்னு எதையாவது மாத்திராத. நான் அன்னைக்கு உன் வீட்ல சாப்பிட்ட பொடிதான் ஊருக்குப் போகணும். ஒரு கல் உப்பு மாத்தக் கூடாது." சரிங்க்கா, சரிங்க்கா என்றாள்.

பொடி நம் இணையப் பக்கத்தில் ஏறியது. முதல் மாதம் நன்றாகப் போனது. பிறகு, எப்படிச் சொல்வது, அது நிற்கவும் இல்லை, ஓடவும் இல்லை. புதிதாக வாங்குகிறவர்கள் வாங்கினார்கள். ஒரு முறை வாங்கியவர்கள் திரும்பி வரவில்லை. மணமாக இருக்கிறது, உப்புத்தான் கொஞ்சம் தூக்கல் என்று பெங்களூரிலிருந்து சிலர் எழுதியிருந்தார்கள். அதைப் படித்துக் காட்டிய பெண்ணிடம், "அவங்க ஊர்ல சாம்பாருக்கே வெல்லம் போடுவாங்க, அவங்க நாக்கு வேற" என்று சொல்லிச் சிரித்தேன். பாக்கெட்டின் நிறத்தை மாற்றினேன். படத்தை மாற்றினேன். பொடி என்பதற்குப் பக்கத்தில் என்ன எழுதினால் தேடுகிறவர்களுக்குக் கிடைக்கும் என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டேன். வாங்கி வீட்டில் வைத்திருந்த பாக்கெட்டை நானும் அடிக்கடி சோற்றில் போட்டுச் சாப்பிட்டேன். எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

ஒரு நாள் பாக்கெட் கொண்டுவந்து இறக்கும்போது சரோஜா கேட்டாள், "அக்கா, உப்பு சரியா இருக்கா?"

வழக்கமான பயம் என்று நினைத்தேன். "அதெல்லாம் சரியா இருக்கு. நீ கைய வச்சு எதையும் கெடுத்துராத," என்றேன்.

இரண்டு வருடம் கழித்து அவள் மறுபடி மில்லுக்குப் போனாள். பழைய வேலை கிடைக்கவில்லை, வேறொரு மில். பொடி இடிப்பது ஞாயிற்றுக்கிழமை வேலையாகிவிட்டது. சந்தை அப்படி, ஆன்லைனில் எல்லாம் அதிர்ஷ்டம்தான் என்று அவளுக்கு ஆறுதல் சொன்னேன். எனக்கும் அதையே சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் என் கடைசி நாளன்று சரோஜா அடுக்குச் சட்டியில் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தாள். எல்லோரும் பிரியாணி தின்று முடித்துப் போன பிறகு நாங்கள் இருவரும் பேக்கிங் மேசையில் உட்கார்ந்தோம். சோறு, பொடி, நல்லெண்ணெய், வாழைக்காய் வறுவல். நான் பிசைந்து ஒரு வாய் வைத்தேன். எனக்குப் பசி இல்லை. யாருக்கும் ஆம், இல்லை என்று சொல்ல வேண்டியதும் இல்லை. அந்தப் பொடியை அப்படி எந்தக் கவலையும் இல்லாமல் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.

உப்புத் தூக்கலாக இருந்தது.

இன்றைக்குக் கை தவறிவிட்டது போல என்று நினைத்து இன்னொரு வாய் எடுத்தேன். வீட்டில் தின்ற பாக்கெட்டுகளை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். இதே உப்புதான்.

"சரோஜா, உப்பு கொஞ்சம் கூடத்தானே இருக்கு?"

"ஆமாங்க்கா." அவள் எனக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டாள். "எங்க வீட்ல அவுக தோட்டத்துல வேர்த்துட்டு வருவாகல்ல, அவுகளுக்குன்னு போட்ட உப்பு அது. அன்னைக்கு நீங்களும் வேர்த்து வந்தீங்க, ஒங்களுக்கும் ஒத்துக்கிச்சு."

"அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"ஒருக்காக் கேட்டேன்லங்க்கா. நீங்கதான ஒரு கல் உப்பு மாத்தக் கூடாதுன்னீங்க."

அவள் குறையாகச் சொல்லவில்லை. நான் சொல்வேன் என்று பார்த்துக்கொண்டே இருந்ததாகச் சொன்னாள். இத்தனை வருடம்.

உப்பைக் குறைத்திருந்தால் அந்தப் பொடி ஓடியிருக்குமா? தெரியாது. பூட்டு ஏன் ஓடவில்லை என்றே தெரியாதவள் நான். அவள் மில்லுக்குத் திரும்பப் போயிருக்க மாட்டாளா? அதுவும் தெரியாது. கை நனைத்தது தப்பா, நனைக்காமல் இருந்திருந்தால் அந்தப் பொடியையே கண்டுபிடித்திருக்க மாட்டேனே, அது தப்பில்லையா? எழுத எழுத இன்னும் குழம்புகிறது. ஒன்று மட்டும் தெரிகிறது. அவளுக்கு நல்லது செய்ய வேண்டும் என்று நினைத்த நாளிலிருந்து அந்தப் பொடியை நான் ருசி பார்க்கவே இல்லை.

அன்றே குறைக்கச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். எவ்வளவு என்று கேட்டால் என்ன சொல்வேன்? என் நாக்கை இனிமேல் நான் நம்பத் தயாராக இல்லை. இப்போது அந்த வேலையும் என்னுடையது இல்லை, உங்களுடையது.

பொடி இன்னும் இணையப் பக்கத்தில் இருக்கிறது. சரோஜாவுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லீவு. உங்களில் ஒருவர் போய், உப்பு எவ்வளவு போட வேண்டும் என்று அவளோடு உட்கார்ந்து பாருங்கள். கிளம்பும் முன் வீட்டில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.